‘டு வாட் எக்ஸ்டென்ட்’ என்று கேட்டால் என்ன எழுதுவது?

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகிறேன். கட்டுரைப் பகுதியில் ‘டு வாட் எக்ஸ்டென்ட் டூ யூ அக்ரீ ஆர் டிஸ்அக்ரீ?’ என்று கேட்கிறார்கள். உடன்படுகிறேன், இல்லை என்று எழுதினால் போதாதா? நான் எழுதிய ‘அப்டு சம் எக்ஸ்டென்ட்’டை ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: நம்மூர் நிலப் பத்திரங்களில் ‘விஸ்தீரணம் 2 ஏக்கர் 40 சென்ட்’ என்று எழுதுகிறார்களே, ஆங்கிலப் பத்திரத்தில் அந்த இடத்தில் வருவது ‘எக்ஸ்டென்ட்’தான். ஆங்கிலத்தில் இந்தப் பெயர்ச்சொல் தொடக்கத்தில் நிலத்தின் மதிப்பையும் பரப்பையும் குறித்தது. ஒரு கருத்து எதுவரை செல்லுபடியாகும் என்று சொல்வதற்குப் பிற்பாடுதான் வந்தது.

உங்கள் ஆசிரியர் அடித்தது சரி. இப்படி எந்த அளவுக்கு என்று சொல்லும்போது இந்தச் சொற்றொடர் ‘டு’வில்தான் தொடங்கும். ‘அப்டு’வும் வராது, ‘இன்’னும் வராது. மனப்பாடம் செய்யவே வேண்டாம்: நாம் ‘ஓரளவுக்கு’, ‘எந்த அளவுக்கு’, ‘பெருமளவுக்கு’ என்கிறோம். அந்த ‘க்கு’தான் இங்கே ‘டு’. ‘டு சம் எக்ஸ்டென்ட்’, ‘டு வாட் எக்ஸ்டென்ட்’, ‘டு எ லார்ஜ் எக்ஸ்டென்ட்’ எல்லாம் அப்படியே பொருந்திவிடும். ‘அப் டு எ பாயின்ட்’ என்று ஒரு சரியான வழக்கு உண்டு. பலரும் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. முழுவதும் உடன்படுகிறேன் என்று தாராளமாக எழுதலாம், மதிப்பெண் குறையாது. ஆனால் கேட்கப்படுவது அளவு என்பதால் அந்த அளவைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்குள் கைபேசியைத் தடைசெய்ய வேண்டும் என்பது தலைப்பு என்று வையுங்கள். ‘ஐ அக்ரீ டு எ லார்ஜ் எக்ஸ்டென்ட்’ என்று தொடங்கினால், வகுப்பு நேரத்தில் தடை சரி, பள்ளி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது தேவை என்று உங்கள் உடன்பாட்டின் எல்லையையும் காட்டிவிடுங்கள். வெறுமனே ‘டு சம் எக்ஸ்டென்ட்’ என்று எழுதிவிட்டு இரு பக்கமும் பேசுவது மாணவர்கள் பலர் செய்யும் தவறு. படிப்பவருக்கு உங்கள் நிலைப்பாடே பிடிபடாது.

‘ஹை எக்ஸ்டென்ட்’ என்றும் எழுதாதீர்கள். ‘ஹை’ வேண்டுமானால் ‘டிகிரி’யோடு போகும், இதற்கு ‘கிரேட்’, ‘லார்ஜ்’, ‘கன்சிடரபிள்’. குறைவைச் சொல்ல ‘டு எ லெஸ்ஸர் எக்ஸ்டென்ட்’.

எழுத்துப்பிழை ஒன்றும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்து ‘டேபிள்’ தொடங்கும் எழுத்து. ‘டாக்டர்’ தொடங்கும் எழுத்தில் முடித்தால் அது ‘நீட்டு’ என்ற பொருள்தரும் வினைச்சொல் ஆகிவிடும். விசாவை நீட்டிக்கக் கேட்கும் கடிதத்துக்குத்தான் அது பொருந்தும்.