சங்கிலியை அடகு வைக்க முன்னம்

அன்புள்ள அம்மா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. உங்கள் மகள் ஓஎல், அதாவது சாதாரண தரப் பரீட்சை, எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். அயலில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ரிசல்ட் வரமுன்னமே உயர்தரப் பரீட்சையான ஏஎல்லுக்கு பயோ, அதாவது உயிரியல், ரியூசனுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் மகளோ மேசை ஃபேனைக் கழற்றிப் பாய் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறாள். இதற்கிடையில் ஒருவர் வந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் போட்ட கோடைகாலப் பயிற்சி என்று துண்டுப்பிரசுரம் தந்திருக்கிறார். இரண்டு வாரம், ஒன்லைனில், முடிவில் சான்றிதழ். அதற்காக இரண்டு பவுண் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் ஜூன் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை, ஏறக்குறைய பத்து வாரம், பள்ளிக்கூடங்கள் பூட்டு. பல்கலைக்கழக விடுதிகளும் அப்போது காலியாகக் கிடக்கும். அந்த இடைவெளியில்தான் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இப்படியான பயிற்சிகள் நடக்கின்றன. அவற்றில் நல்லவை உண்டு. அங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற ஆறு வார ஆராய்ச்சிப் பயிற்சிக்குத் தெரிவாகும் பிள்ளை கட்டணமே கட்டுவதில்லை, ஆனால் தெரிவாவது பெரும்பாடு. காசு கட்டினால் இடம் தரும் பயிற்சிகள் வேறு ரகம். சிலவற்றைப் பல்கலைக்கழகம் நடத்துவதே இல்லை, வெளி நிறுவனம் ஒன்று அங்கே மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும். பிள்ளையை எதைப் பார்த்துத் தெரிவு செய்கிறீர்கள், நடத்துவது யார் என்று அந்த மனிதரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கே பதில் தடுமாறும் என்று நினைக்கிறேன்.

நமது கம்பஸ், அதாவது பல்கலைக்கழக, அனுமதியோ ஏஎல் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளியில் நடப்பது. ஒரு சில பட்டப்படிப்புகளுக்கு மேலதிகமாக உளச்சார்புப் பரீட்சை வைப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சான்றிதழை இங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, ஃபேன் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் அதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் ஆகப் பயனுள்ள வரி அதுதான். என் கதையைச் சொல்கிறேன். ஓஎல்லில் விஞ்ஞானத்துக்கு ஏ வந்தது என்ற ஒரே காரணத்துக்காக நான் பயோ வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கம்பஸ் அனுமதிக்கு ஏஎல் மூன்று தரம்தான் எழுதலாம். மூன்றையும் எழுதி முடித்தேன். அந்த மூன்று வருஷமும் என் அம்மா கோணேசருக்கு நேர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார், பாவம்.

உங்கள் மகளுக்கு இப்போது கிடைத்திருக்கும் மாதங்கள் அதற்குத்தான், எந்தப் பிரிவு என்று சோதித்துப் பார்க்க. இதில் பெற்றோர் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. யந்திரங்களில் விருப்பமுள்ள பிள்ளைக்கு ஏஎல்லில் இரண்டு வாசல். ஒன்று மெத்ஸ் பிரிவு: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பொறியியல் பீடத்துக்குப் போய் எஞ்சினியர் ஆக இதுதான் வழி. மற்றது தொழினுட்பப் பிரிவு: பொறியியற் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், அவற்றோடு மூன்றாவதாக ஒரு பாடம். இதில் படித்தவர்கள் போவது தொழினுட்ப பீடத்துக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இந்த இரண்டு பீடங்களும் கிளிநொச்சியில், அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. ஆனால் பட்டங்கள் வேறு வேறு. தொழினுட்பம் எடுத்துவிட்டுப் பிறகு எஞ்சினியரிங் பீடத்துக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழினுட்பப் பிரிவு எல்லாப் பாடசாலையிலும் இல்லை என்பதால், மகளின் பாடசாலையில் இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

எந்த வாசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேசிய கல்வி நிறுவகத்தின் இணைந்த கணிதப் புத்தகங்கள் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் அலகை இறக்கி, மேல் வகுப்பு அக்கா ஒருத்தியின் கொப்பியையும் வாங்கிக் கொடுங்கள். ரியூசன் மாஸ்டர் இல்லாமல் இரண்டு கிழமை தானாகக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். விடை பிழைக்கிறதா என்று பார்க்காதீர்கள், பிழைக்கத்தான் செய்யும். பிழைத்த கணக்குக்கு அடுத்த நாள் அவளாகத் திரும்பிப் போகிறாளா என்று பாருங்கள். போனால் மெத்ஸ் அவளுக்குச் சரி. கொப்பியைத் தள்ளி வைத்துவிட்டுத் திருகாணிச் செலுத்தியைத்தான் தேடுகிறாள் என்றால், தொழினுட்பப் பிரிவைக் கௌரவக் குறைச்சலாக நினைக்காமல் யோசியுங்கள்.

கூடவே கைவேலையும் பழகலாம். தொழில் பயிற்சி அதிகாரசபையில் வீட்டு மின்னிணைப்பு போன்ற பயிற்சிகள் இருக்கின்றன. அடுத்த தொகுதி எப்போது என்று நேரே போய்க் கேளுங்கள். அங்கே தரும் என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு இந்த நாட்டில் பெறுமதி உண்டு. மூன்றாம், நான்காம் மட்டம் கைவேலைக்கு, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஏஎல் கைகொடுக்காவிட்டாலும் ஏறிப்போக அது ஒரு படிக்கட்டு. பொம்பிளைப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று யோசிப்பீர்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள், படிப்பிப்பவருடன் கதையுங்கள், திரும்பி வரும் பஸ் நேரத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் விடுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஏஎல்லைத் தமிழில் எழுதலாம், ஆனால் பொறியியல் பீடத்தில் முதல் நாளிலிருந்தே விரிவுரை ஆங்கிலத்தில். கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே வாயடைத்துப் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம், ஃபேன் மோட்டர் எப்படிச் சுற்றுகிறது என்பதையே ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். அப்புறம் சிங்களம். திருகோணமலையில் அதற்கு வகுப்புத் தேவையில்லை, சந்தையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அரசாங்க வேலைக்குப் போனால் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள். இப்போது பழகுவது சுகம்.

இன்னொன்று. ஏஎல்லுக்கு மகளைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி உங்கள் தம்பி நிற்பதாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலான கம்பஸ் படிப்புகளின் இடங்களில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கு, மீதி ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. பாடசாலையை மாற்றினால் எந்த மாவட்டத்துக் கணக்கில் பிள்ளை வருவாள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்த்துவிட்டுத் தம்பியுடன் பேசுங்கள். நல்ல மாஸ்டரைத் தேடிப் போய், கையில் இருந்த மாவட்டச் சலுகையை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் மகளையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இதில் நீங்கள், தம்பி, அயல் வீட்டார், துண்டுப்பிரசுரக்காரர் என்று எல்லாரும் பேசியிருக்கிறீர்கள், அவள் மட்டும் ஒரு வரிகூடப் பேசவில்லை.