7,500 யுவான் நல்ல சம்பளமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்குக் குடியாத்தம். எம்.ஏ. ஆங்கிலம் முடித்து செட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெற்று, வேலூரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன், சம்பளம் 22,000. சீனாவில் ஹூனான் மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லித்தர மாதம் 7,500 யுவான், வீடு இலவசம், வாரம் 16 பீரியட் என்று ஆஃபர் வந்திருக்கிறது. ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். வீட்டில் எல்லோரும் போ என்கிறார்கள். இது நல்ல சம்பளம்தானா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, ஒரு யுவான் 12 ரூபாய் என்று பெருக்கி 90,000 என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள், அதனால்தான் போ என்கிறார்கள். நானும் அதே பெருக்கலைப் போட்டவன்தான். 2011-ல் சீனாவுக்குப் பாடம் எடுக்க நான் போனபோது 5,000 யுவான், அப்போது ஒரு யுவான் ஏழு ரூபாய் சொச்சம், நான் விமானம் ஏறுவதற்குள் சத்துவாச்சாரியில் எங்கள் தெரு முழுக்க அம்மா 35,000 என்று சொல்லி முடித்துவிட்டார். அடுத்த ஜூலையில் சம்பளத் தேதியன்று ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பார்க்கிறேன், போன மாதத்து மிச்சம் 412 யுவான் அப்படியே நிற்கிறது. ஆபீஸில் போய்க் கேட்டால் அங்கிருந்த பெண் ஒப்பந்தத்தை எடுத்து ஐந்தாம் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினாள். வகுப்பு நடக்கிற மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளமாம். கீழே இருந்தது என் கையெழுத்து.

அதனால் முதலில் எத்தனை மாதத்துக்குச் சம்பளம் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை, பத்து மாதம் என்றே வைத்துக்கொள்வோம். வருமான வரி அங்கே பயப்படுகிற மாதிரி இல்லை, மாதம் 5,000 யுவான் வரை விலக்கு, அதற்கு மேல் முதல் படிக்கு 3 சதவீதம், உங்களுக்கு அதிகம் போனால் 75 யுவான். பிடித்தம் கொஞ்சம் வலிக்கிறது சமூகக் காப்பீட்டில்தான்: நம்ம பிஎஃப் மாதிரி, ஓய்வூதியத்துக்கு 8 சதவீதம், மருத்துவத்துக்கு 2 சதவீதம் என்று போகும். (வேலையை விட்டு ஊர் திரும்பும்போது ஓய்வூதியக் கணக்கில் உள்ள உங்கள் பங்கைக் கேட்டு வாங்கலாம், கேட்காமலே வந்துவிடுகிறவர்கள் உண்டு.) எல்லாம் போகக் கைக்கு 6,650 வருகிறது என்று வைத்தால் பத்து மாதத்துக்கு 66,500. சாப்பாடு, போன், பஸ் என்று மாதம் 2,500 செலவு, மிச்சம் 41,500 யுவான், நம்ம காசுக்கு ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம், டிக்கெட் அவர்கள் தராவிட்டால் போக வர ஒரு அறுபதாயிரம். முதல் வருடம் கையில் நிற்பது மூன்று லட்சத்துக்கும் கீழே. இங்கே வாங்கும் 22,000-லிருந்து இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாதுதான், ஆனால் நீங்கள் மனக்கணக்குப் போட்ட 10,80,000 எங்கே, இது எங்கே.

வீடு இலவசம் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். சீனாவில் சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் வைத்து ஒரு கோடு உண்டு, அதற்கு வடக்கே உள்ள நகரங்களில் குளிர்காலத்தில் ஊர்ப் பொதுவாகவே குழாய் வழியே வீட்டுக்குச் சூடு வரும், தெற்கே கிடையாது. ஹூனான் தெற்கு. நான் இருந்த ஊரும் தெற்குதான், டிசம்பரில் மேல்கோட்டைக் கழற்றாமல் பாடம் எடுத்தேன், விரல் மரத்து சாக்பீஸ் நழுவி நழுவி விழும், முன் வரிசைப் பிள்ளைகள் வெந்நீர் ஃபிளாஸ்க்கை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு, ராத்திரி முழுக்க ஏசியை ஹீட்டராக ஓட்டினால்தான் தூக்கம் வந்தது. அந்தக் கரண்ட் பில் யார் தலையில்? வீடு இலவசம், மின்சாரம் இத்தனை யூனிட் வரைதான் என்று எழுதியிருப்பார்கள், அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டைப் பற்றிப் பயம் வேண்டாம், ஹூனான்காரர்கள் மிளகாயில் நம்மைத் தோற்கடிப்பார்கள். சைவம் என்றால் மட்டும் சிரமம், கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குகிற இடங்கள் உண்டு.

16 பீரியட் அதிகமில்லை. பீரியட் 45 நிமிடம் என்றால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், இங்கே நீங்கள் எடுப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்தப் பதினாறில் எத்தனை பாடம்? ஒரே பேச்சு ஆங்கில வகுப்பை எட்டு செக்‌ஷனுக்கு எடுப்பது வேறு, நான்கு விதப் பாடம் தயாரித்து நூற்றைம்பது கட்டுரை திருத்துவது வேறு. சாயங்காலம் ‘இங்கிலீஷ் கார்னர்’ என்று, மாணவர்கள் ஆங்கிலத்தில் பேசிப் பழக ஒரு கூட்டம் நடத்தச் சொல்வார்கள், அது பதினாறுக்குள் வருமா, வெளியேவா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியருக்குப் பெரும்பாலும் தருவது 6,000-லிருந்து 10,000 யுவான், வீடு தனி. அந்தக் கணக்கில் பெரிய நகரம் அல்லாத ஊருக்கு 7,500 மோசமில்லை. பேரம் பேசுவதானால் மாதத்துக்கு 500 கூட்டிக் கேட்காதீர்கள், பத்து மாதத்தைப் பன்னிரண்டாக்கச் சொல்லுங்கள். முதலாவதில் வருடத்துக்கு 5,000 லாபம், இரண்டாவதில் 15,000.

சரி, இவ்வளவையும் எழுதிவிட்டு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நான் போன காலத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. 2017-ல் நாடு முழுக்கக் கொண்டுவந்த வேலை அனுமதி விதிப்படி, மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும், பட்டமும் இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு என்று நடைமுறையில் அவர்கள் பார்ப்பது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட். நம்முடையது அதில் இல்லை. நம் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கவுன்டரில் அது செல்லாது, எனக்கும் கோபம்தான். விதிவிலக்காகச் சிலருக்குக் கிடைக்கலாம். ஆனால் அந்த ஒன்றரை லட்சம் எதற்கு என்று ஏஜென்டை உட்கார வைத்துக் கேளுங்கள். இசட் விசாவா, அதாவது சீனாவில் வேலை பார்க்கத் தரும் விசாவா? பல்கலைக்கழகம் பெயரில் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வந்துவிட்டதா? அதில் பதவி என்ன என்று எழுதியிருக்கிறது? “முதலில் பிசினஸ் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்” என்றால் டீக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000-லிருந்து 20,000 யுவான் வரை அபராதம், விவகாரம் பெரிதானால் 5 முதல் 15 நாள் வரை காவல், அப்புறம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மாட்டுவது நீங்கள், ஏஜென்ட் இங்கேயே இருப்பார். கடிதத்தைக் கண்ணால் பார்க்கும்வரை வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

கேள்வி: கணினி அறிவியலில் பிஎச்.டி. முடித்தவள். ஒரு சீனப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 2,40,000 யுவான் தருவதாகச் சொல்கிறது. எனக்கும் இந்தப் பாஸ்போர்ட் சிக்கல் வருமா? (வாசகி, காட்பாடி)

பதில்: வராது அம்மா, அந்தத் தாய்மொழி விதி மொழி ஆசிரியர்களுக்குத்தான், கணினிப் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்துவதற்கு அது பொருந்தாது. உங்கள் படிப்பும் நன்றாகவே கைகொடுக்கும். வரி மட்டும் 19,000 யுவான் அளவுக்கு வரும், காப்பீட்டுப் பிடித்தம் தனி. அந்த 2,40,000-ல் எவ்வளவு மாதச் சம்பளம், எவ்வளவு கட்டுரை வெளியிட்டால் வரும் போனஸ் என்று பிரித்துக் கேளுங்கள். ஆய்வுக்கூடம் அமைக்க என்று தரும் தொகையையும் சேர்த்துப் பெரிய எண்ணாகக் காட்டுவது உண்டு, அது உங்கள் வீட்டுக்கு வராது. வரி கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், சம்பளத்தை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்பும்போது பேங்கில் கேட்பார்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, வயது 61. சீனப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் சொல்லித்தரலாமா, அல்லது நேரில் போக முடியுமா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: நேரில் போக, சாதாரண வேலை அனுமதிக்கு 60 வயதுதான் வரம்பு. ஆன்லைனும் கிட்டத்தட்ட மூடிய கதவுதான் டீச்சர், 2021 ஜூலையில் அங்கே டியூஷன் மையங்களை ஒடுக்கியபோது, வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவர்களை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக்கூடாது என்று சேர்த்தே தடை போட்டுவிட்டார்கள். உங்கள் ஊரிலேயே தோல், ஷூ கம்பெனிகளில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் ஒரு நல்ல மெயில் எழுதத் தடுமாறுகிறார்கள். மாலையில் இரண்டு மணி நேரம் என்று ஒன்றிரண்டு கம்பெனிகளில் கேட்டுப் பாருங்கள், மாதச் சம்பளமாகப் பேசாமல் வகுப்புக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.