மே முதல் வாரம் சுவிஸ்: ஃபுர்கா கணவாய்த் திட்டத்தை விட்டுவிடுங்கள்

வாடகைக் காரில் ஃபுர்கா, கிரிம்சல் கணவாய்கள், பிறகு பாக்ஆல்ப்சே ஏரிக்கு நடை. கூடவே அப்பா அம்மா, மூன்று வயதுக் குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். மே முதல் வாரத்தில் அது நடக்காது. இரண்டு கணவாய்களும் பனியால் மூடியிருக்கும். திறக்கப் பெரும்பாலும் மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும். 2,265 மீட்டரில் இருக்கும் ஏரியைச் சுற்றிலும் பனிதான். ரோப்கார்கள் சிலவும் அந்த மாதத்தில் பராமரிப்புக்காக நிற்கும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

காரை விடுங்கள், அருவிகள் நிறைந்த பள்ளத்தாக்குக் கிராமமான லாவுட்டர்புருன்னனில் தங்குங்கள். பனி உருகும் காலம் என்பதால் அருவிகளுக்கு இதுதான் சீசன். ஏறக்குறைய 300 மீட்டர் ஸ்டவ்ப்பாக் அருவி காற்றில் சாய்ந்து சாரலாகவே இறங்கும். கீழே புல்வெளியில் மஞ்சள் பூக்கள். மலைக்குள்ளே இரையும் ட்ரூமெல்பாக் அருவிக்கு நான்கு வயதுக்குட்பட்டவர்களை விடமாட்டார்கள், ஆகவே ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க வேண்டும். படிகள் ஈரம், அம்மாவுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

மலை ரயிலில் ஏறிப்போகும் பனி உச்சியான யுங்ஃப்ராயோக் ஆண்டு முழுக்க உண்டு. ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காதீர்கள்; அன்று காலை வெப்கேமில் உச்சி தெரிந்தால் மட்டும் கிளம்புங்கள். மேகமா? தூன் ஏரியில் படகு போதும்.