கன்னியாகுமரியில இருந்து ஒரே நாள்ல கடலூர் திரும்பலாமா?

வாசகர் கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கோம். மின்வாரியத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆயாச்சு, வயசு 67, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறேன். வீட்டம்மாவுக்கு 63, சுகருக்கு ரெண்டு வேளை இன்சுலின், கூடவே முட்டி வலி. அரையாண்டு லீவுல பொண்ணு, மாப்பிள்ளை, பேரப்பசங்க ரெண்டு பேரோட ஏழு சீட் வண்டியில ஒன்பது நாள் போறதா பிளான். திருச்சி, மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. நானும் மாப்பிள்ளையும் மாத்தி மாத்தி ஓட்டுவோம். கடைசி நாள் கன்னியாகுமரியில விடியக்காலை 4 மணிக்கு எடுத்தா சாயங்காலம் கடலூர் வந்துடலாம், எங்களை இறக்கி விட்டுட்டு அப்படியே சென்னை போயிடறேன்னு மாப்பிள்ளை சொல்றாரு. இது சரிப்படுமா? இன்சுலினை எப்படி வச்சுக்கறது? வந்ததும் டெஸ்ட் எடுக்கணுமா?

டாக்டர் பதில்:

ஐயா, போற பிளான் அருமையா இருக்கு, அதுல கை வைக்க எனக்கு ஒண்ணும் இல்ல. திரும்பி வர்ற நாளை மட்டும் கட்டாயம் மாத்துங்க. வயசானவங்க டூர் போயிட்டு வந்து என்கிட்ட காட்டறப்ப நான் கவனிச்சது, தொந்தரவு பெரும்பாலும் கடைசி நாள் ரோட்டுலயும் வீட்டுக்கு வந்த முதல் ரெண்டு மூணு நாள்லயும்தான் ஆரம்பிச்சிருக்கும். போகும்போது எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க, மாத்திரை டப்பாவுல இருந்து துண்டு வரைக்கும் எண்ணி எண்ணி எடுத்து வைப்பாங்க, திரும்பும்போது வீட்டுக்குத்தானே போறோம்னு எல்லாத்தையும் விட்டுடுவாங்க.

மாப்பிள்ளை சொல்ற கணக்கையே போட்டுப் பாருங்க. கன்னியாகுமரியில இருந்து மதுரை, திருச்சி, உளுந்தூர்பேட்டை, மடப்பட்டு, பண்ருட்டி வழியா கடலூர் 550 கிலோமீட்டருக்கு மேல வரும். சின்னப் பசங்களும் முட்டி வலிக்காரங்களும் இருக்கிற வண்டி, நிறுத்தி நிறுத்தி வந்தா 12 மணி நேரம் ஆகும். 4 மணிக்கு கிளம்பணும்னா மூணுக்காவது எழுந்திருக்கணும், அதுவும் ஒரு வாரமா லாட்ஜ்ல அரைகுறையா தூங்கின உடம்போட. நம்ம உடம்புக்கு தூக்கம் அழுத்தற நேரம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வரும், விடியக்காலை 2-ல இருந்து 5 வரைக்கும், மதியம் 2-ல இருந்து 4 வரைக்கும். இந்த பிளான்ல ரெண்டுலயும் வண்டி ரோட்டுல இருக்கு, முதல் தடவை இருட்டுல, ரெண்டாவது தடவை சாப்பாட்டுக்கு அப்புறம் திருச்சி தாண்டி நேர் ரோட்டுல. தூக்கம் வந்தா தெரியாதா, நிறுத்திட மாட்டோமான்னு கேப்பீங்க. சில நேரம் தெரியாது, கண் திறந்தபடியே ரெண்டு மூணு செகண்ட் மூளை அணைஞ்சு எரியும், 90-ல போற வண்டி அதுக்குள்ள 50 மீட்டருக்கு மேல ஓடியிருக்கும். ஏசியை கூட்டறது, பாட்டு சவுண்டை ஏத்தறது, முகத்துல தண்ணி அடிக்கறது எதுவும் அதை நிறுத்தாது. ஓரமா பாதுகாப்பான இடத்துல வண்டியை போட்டு ஒரு காபி குடிச்சிட்டு 20 நிமிஷம் கண்ணை மூடினா கொஞ்சம் பலன் இருக்கும், காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், அதனால குடிச்ச உடனே ஸ்டியரிங்கை பிடிக்காதீங்க.

அப்புறம் மடப்பட்டுல திரும்பினப்புறம் வர்ற ரோடு. நாள் முழுக்க நாலு வழிச்சாலையில வந்த கண்ணும் காலும் அதே வேகத்துக்கு பழகியிருக்கும், இங்க எதிர்ல பஸ், குறுக்க சைக்கிள், ஆடு மாடு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு போற கரும்பு டிராக்டர் அரவை சீசன்ல வரிசையா நிக்கும், பின்னாடி லைட்டும் இருக்காது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் இருக்காது, கரும்பு நுனி ரெண்டடி வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். நம்ம பக்கத்துக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வழியில கொஞ்சம் தாமதமானா இந்த ரோட்டை இருட்டுலதான் தாண்டணும், டிசம்பர் கடைசியில ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும். 67 வயசுல இருட்டுல கண்ணு பாக்கற விதமே வேற, எதிர் வண்டி லைட் அடிச்சா திரும்ப பார்வை தெளிய சின்ன வயசுக்காரங்களை விட அதிக நேரம் எடுக்கும், லேசா புரை இருந்தா இன்னும் மோசம். அதனால பகல்ல நீங்க ஓட்டுங்க, பொழுது சாய்ஞ்சா சாவி மாப்பிள்ளைகிட்ட. உங்க லைசென்ஸ் தேதியையும் இப்பவே எடுத்துப் பாருங்க, 55 வயசுக்கு மேல ரினீவல் அஞ்சு அஞ்சு வருஷத்துக்குத்தான் தருவாங்க, பல பேர் கவனிக்கறதே இல்ல.

என் யோசனை இது. கன்னியாகுமரியில காலையில சூரிய உதயத்தை நிதானமா பாருங்க, டிபன் சாப்பிட்டு கிளம்புங்க, மதியம் மதுரை, சாயங்காலம் வெளிச்சத்துலயே திருச்சி, அங்க ராத்திரி தங்கல். மறுநாள் எட்டு மணிக்கு, மார்கழிப் பனி விலகினப்புறம் எடுத்தா, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு கடலூர். மாப்பிள்ளை குடும்பம் அன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுல படுத்துட்டு மறுநாள் சென்னை போகட்டும். அவருக்கு ஆபீஸ் இருக்கும், லீவு கணக்கு இடிக்கும், தெரியும். அப்படின்னா முன்னாடி ஒரு நாளை குறைங்க, கடைசியில குறைக்காதீங்க. உங்களை இறக்கி விட்டுட்டு அதே களைப்போட அவர் இன்னும் 180 கிலோமீட்டர் இருட்டுல ஓட்டப் போறாரு, பின்னாடி உங்க பொண்ணும் பேரப்பசங்களும் தூங்கிட்டு இருப்பாங்க. இதை மாமனாரா நீங்க சொன்னா தட்ட மாட்டாரு.

இப்ப அம்மா விஷயம். அவங்களை மூணாவது வரிசையில உக்கார வைக்காதீங்க, அங்க காலை மடக்கியே வச்சிருக்கணும், பசங்க அங்க போகட்டும். நடு வரிசையில ஓரமா, இல்லன்னா முன் சீட்டை பின்னாடி தள்ளி. எங்க உக்காந்தாலும் பெல்ட் போடணும், பின் சீட்டுக்கும் சட்டப்படி கட்டாயம்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதிகபட்சம் ரெண்டு, இறங்கி அஞ்சு நிமிஷம் நடக்கணும். கெண்டைக்கால் சதை அசைஞ்சாத்தான் கால்ல இருக்கிற ரத்தம் மேல ஏறும், மணிக்கணக்கா அசையாம இருந்தா உள்ளயே உறைய வாய்ப்பிருக்கு. வண்டிக்குள்ளயே குதிகாலை ஊன்றி முன்பாதத்தை தூக்கி தூக்கி இறக்கச் சொல்லுங்க.

பாத்ரூமுக்கு பயந்து தண்ணி குடிக்காம இருக்கிறது நம்ம அம்மாக்கள் எல்லாரும் பண்றதுதான், அவங்களை குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, பங்க்ல இருக்கிற டாய்லெட் லட்சணம் அப்படி. ஆனா சுகர் இருக்கிறவங்க தண்ணி குடிக்காம, வர்றதையும் அடக்கி வச்சா யூரின் இன்ஃபெக்ஷன் சுலபமா வரும். அதனால எங்க சாப்பிடலாம்னு பாக்கறதுக்கு முன்னாடி எங்க வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குன்னு பாத்து நிறுத்துங்க. மடக்கற கமோடு ஸ்டூல் மருந்து உபகரணக் கடையில கிடைக்கும், டிக்கியில ஓரமா கிடக்கட்டும். ரூம் புக் பண்ணும்போதும் தரைத்தளமா, வெஸ்டர்னான்னு கேட்டுடுங்க, அந்த நேரம் ஐயப்ப சீசன், கன்னியாகுமரியில போய் இறங்கி ரூம் தேட முடியாது. உங்க பிரஷர் மாத்திரையில தண்ணி மாத்திரை, அதாவது யூரின் அதிகமா போக வைக்கிற மருந்து, கலந்திருந்தா பயண நாள்ல எந்த நேரம் போடலாம்னு எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்க, நீங்களா நிறுத்த வேண்டாம்.

இன்சுலின். இப்ப போட்டுக்கிட்டிருக்கிற பாட்டில் 30 டிகிரிக்கு கீழ சுமார் நாலு வாரம் தாங்கும், அதனால ஐஸ் பெட்டியை தூக்கிட்டு அலைய வேண்டியதில்ல, ஐஸ்ல ஒட்டி உறைஞ்சு போனாத்தான் மருந்து கெட்டுடும். அதை விட பெரிய எதிரி வெயில்ல நிக்கிற கார், கண்ணாடி மூடி நிறுத்தினா உள்ள 50 டிகிரி தாண்டும், டேஷ்போர்டு டிராயர்ல வச்சுட்டு கோயிலுக்குள்ள போனீங்கன்னா முடிஞ்சுது. வாய் அகலமான ஃபிளாஸ்க்ல ஜில்லுனு தண்ணி ஊத்தி, கொட்டிட்டு, உள்ள துடைச்சு, துணியில சுத்தின பாட்டிலை வைங்க, அது எப்பவும் அம்மாவோட கைப்பையிலயே இருக்கட்டும்.

ஊசி போடற நேரம் ரொம்ப முக்கியம். ரெண்டு வேளை போடறதுல பல வகை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடச் சொல்வாங்க. வீட்டுல அது சரி. ரோட்டுல, இன்னும் பத்து கிலோமீட்டர்ல ஓட்டல் வந்துடும்னு வண்டியில வச்சே போட்டுட்டு, அப்புறம் டோல்ல க்யூ, ஓட்டல்ல இடம் இல்லன்னு ஆச்சுன்னா சுகர் சரசரன்னு இறங்கிடும். பயண நாள்ல இலையில சாப்பாடு விழறதை கண்ணால பாத்தப்புறம் போடறது பத்திரம், உங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சுக்கோங்க. கை நடுக்கம், வேர்வை, சம்பந்தமில்லாம எரிஞ்சு விழறது, பேச்சு குழறல் வந்தா குளுக்கோமீட்டர்ல பாருங்க, 70-க்கு கீழ இருந்தா மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் தண்ணியில கலந்து கொடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவை. மீட்டர் கைக்கு எட்டலன்னா பாக்கறதுக்காக காத்திருக்க வேண்டாம், முதல்ல குளுக்கோஸ். நினைவு தப்பினா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-தான். தேசிய நெடுஞ்சாலையில வண்டி நின்னு போனா 1033.

ராமேஸ்வரத்துல ஒரே ஒரு எச்சரிக்கை. 22 தீர்த்தம் ஆடிட்டு ஈரத் துணியோட அந்தக் கல் தரையில நடக்கும்போது பயங்கரமா வழுக்கும், கூட்டம் வேற தள்ளும். முட்டி வலிக்காரங்க விழுந்து இடுப்பு எலும்பு போச்சுன்னா அது மாசக்கணக்குல படுக்கை. ரெண்டு பக்கமும் கை பிடிச்சு கூட்டிட்டு போங்க, முடியலன்னா தீர்த்தத்தை தலையில தெளிச்சுக்கிட்டாலே போதும், சாமி கோவிச்சுக்க மாட்டார்.

வீட்டுக்கு வருவோம். கிளம்பறதுக்கு முன்னாடி கேஸ் ரெகுலேட்டரை மூடறது எல்லாரும் பண்றதுதான். கொல்லையில இருக்கிற பக்கெட், குடம், பூந்தொட்டி தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தண்ணி டிரே, எல்லாத்தையும் காலி பண்ணி கவுத்துட்டு போங்க. டெங்கு பரப்பற கொசு முட்டையில இருந்து பறக்கற வரைக்கும் எட்டு பத்து நாள்தான் எடுக்கும், நீங்க போறது ஒன்பது நாள். ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஸ்டாக் இன்சுலினை கரண்ட் போகாத, இன்வெர்ட்டர் இருக்கிற பக்கத்து வீட்டுல கொடுத்துட்டு போங்க, அது முடியலன்னா ஃப்ரீசர்ல ஒரு டம்ளர் தண்ணியை உறைய வச்சு மேல ஒரு ரூபாய் காசை வைங்க. வந்து பாக்கும்போது காசு அடியில போயிருந்தா நடுவுல ரொம்ப நேரம் கரண்ட் இல்லாம ஐஸ் உருகியிருக்குன்னு அர்த்தம், அந்த இன்சுலினை நம்பாதீங்க, உள்ள இருக்கிற மிச்ச மீதி சாப்பாட்டையும் கொட்டிடுங்க. டிசம்பர் கடைசின்னா மழை முடிஞ்சுதுன்னு நினைக்க வேண்டாம், 2011-ல தானே புயல் நம்மளை அடிச்சது டிசம்பர் 30. வானிலை அறிவிப்பு வந்தா ஒரு நாள் திருச்சியிலயே தங்கிடுங்க.

வெளிச்சத்துல வந்து சேரச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பூட்டின வீட்டுல தூசி படிஞ்ச தரை, பாசி பிடிச்ச கொல்லைப்படி, இதெல்லாம் பகல்ல கண்ணுக்கு தெரியும். முதல் ராத்திரி நடுத்தூக்கத்துல எழுந்திருக்கும்போது லாட்ஜ்ல பாத்ரூம் இடது பக்கம் இருந்த ஞாபகத்துல கால் அந்தப் பக்கமே போகும். அன்னிக்கு ராத்திரி பாத்ரூம் லைட் எரியட்டும், பெட்டியெல்லாம் வழியில கிடக்க வேண்டாம், துணி துவைக்கறது, பெட்டி பிரிக்கறது எல்லாம் மறுநாள்.

வந்த பிறகு ரெண்டு காலும் லேசா வீங்கி, ராத்திரி படுத்து எழுந்தா வடிஞ்சா பயப்பட வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலிச்சு, சூடா இருந்தா தைலம் போட்டு உருவி விடாதீங்க. உள்ள ரத்தம் உறைஞ்சிருந்தா, உருவறதுல அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்கு போகலாம். அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, ஸ்கேன் பாத்தா தெரிஞ்சிடும். இது வந்த ரெண்டு மூணு வாரம் வரைக்கும் கூட வரலாம், அதனால வந்து பத்து நாள் ஆச்சே பயணத்தால இருக்காதுன்னு ஒதுக்காதீங்க. திடீர்னு மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா நேரா 108. எரிச்சலோட யூரின் போறது, குளிர் காய்ச்சல், அம்மா திடீர்னு குழப்பமா பேசறது, இதுவும் தள்ளிப்போடக் கூடாத விஷயம்.

இன்னொண்ணு, இது மாத்திரைக்குள்ள வராது. ஒன்பது நாள் பேரப்பசங்க சத்தத்துல இருந்துட்டு திடீர்னு நீங்க ரெண்டு பேர் மட்டும்னு ஆகும்போது நிறைய பேருக்கு சாப்பாடு இறங்காது. ரெண்டு பேருக்காக சமைக்கணுமான்னு அம்மா காபியோட நிறுத்திடுவாங்க, ஊசி மட்டும் வழக்கம் போல போட்டுப்பாங்க, அந்த வாரம்தான் சுகர் இறங்கி வர்றவங்களை பாக்கறேன். முதல் ரெண்டு நாளைக்கு நீங்களே கூட உக்காந்து சாப்பிடுங்க, ரசம் சாதமும் அப்பளமுமா இருந்தாலும் பரவால்ல, வேளைக்கு சாப்பிட்டா போதும். பொண்ணுகிட்டயும் சொல்லி வைங்க, அந்த வாரம் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஒரு வீடியோ கால் போடட்டும்.

டெஸ்ட் கேட்டிருந்தீங்க. உங்க பிரஷரை வந்த மறுநாள் காலையில பாத்துடுங்க, ஒன்பது நாள் ஓட்டல் ஊறுகாயும் சாம்பாரும் உப்பு ஏத்தியிருக்கும். அம்மாவுக்கு வெறும் வயித்து சுகரை வீட்டுச் சாப்பாடு மூணு நாலு நாள் சாப்பிட்டப்புறம் பாருங்க, உடனே பாத்தா டூர் சாப்பாட்டோட கணக்குதான் வரும், அதைப் பாத்து நீங்களா இன்சுலின் அளவைக் கூட்டிடாதீங்க. மூணு மாச சராசரி டெஸ்ட்டுக்கு அவசரம் இல்ல, வழக்கமான தேதியில எடுங்க. நடுவுல மீட்டர்ல தொடர்ந்து 250-க்கு மேலயே காட்டினா, இல்ல காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்து வந்தா, நாலு நாள் கணக்கெல்லாம் பாக்காம அன்னிக்கே போய் காட்டிடுங்க.