டேனியல் அப்ட்: வெற்றி இரண்டா, மூன்றா?

ஜெர்மன் ஓட்டுநர் அப்ட், ஃபார்முலா ஈ என்ற மின்சாரக் கார் பந்தயத் தொடரில் பெற்ற வெற்றிகளை ஒரு பட்டியல் மூன்று என்கிறது, இன்னொன்று இரண்டு என்கிறது, வினாடி வினாவுக்கு எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் இரண்டு என்றே எழுதுங்கள்.

குழப்பத்துக்குக் காரணம் 2017 டிசம்பர் 3 அன்று நடந்த ஹாங்காங் பந்தயம். அன்று அவருக்கு 25ஆவது பிறந்தநாள். முதலிடத்தில் வந்து கொண்டாடியும்விட்டார். பிறகு சோதனையில், மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் ஒட்டியிருந்த பாதுகாப்பு ஸ்டிக்கர்களின் பார்கோடு, காரின் ஆவணத்தில் இருந்ததோடு பொருந்தவில்லை என்று தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். சறுக்கியது அவருடைய ஆடி அணியின் காகித வேலை, பறிபோனது ஓட்டுநரின் வெற்றி! அது மஹிந்திரா அணியின் ரோசன்குவிஸ்டுக்குப் போய்விட்டது.

கணக்கில் நிற்பவை 2018இல் மெக்சிகோ சிட்டியும் பெர்லினும்தான். பெர்லினில் முதலிடத்திலிருந்து புறப்பட்டு, அதிவேகச் சுற்றையும் பதிவு செய்து, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் வென்றார்.

2020இல் கணினிப் பந்தயத்தில் தனக்குப் பதிலாக வேறொருவரை ஓட்டவிட்டு ஆடி அணியில் இடத்தை இழந்தது தனிக்கதை. அதை இந்தத் தகுதிநீக்கத்தோடு சேர்த்துவிடாதீர்கள்.