வெண்கல மெடல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூர் மர்ஃபி டவுனில் இருக்கிறேன். என் பாட்டியின் தாத்தா சாப்பர்ஸில் (பட்டாளத்தின் பொறியியல் பிரிவு) சிப்பாயாக இருந்து, முதல் உலகப்போரில் இராக்கின் பஸ்ராவில் இறந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அவர் மெடல் இருக்கிறது. பார்த்தால் பித்தளை மாதிரி தெரிகிறது. பக்கத்து வீட்டில் இருப்பது வெள்ளி. “நம்மளது டூப்ளிகேட்” என்கிறார் மாமா. இறந்த தேதி தெரியாததால் மகாளய அமாவாசையில்தான் அவருக்குத் திதி கொடுக்கிறோம். தேதியைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பாட்டி கேட்கிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் மாமாவிடம் சொல்லிவிடுங்கள், அது டூப்ளிகேட் இல்லை. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள், கூடவே 1914, 1918 என்று இருந்தால் அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். சிப்பாய்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். மூட்டை தூக்கியவர்களுக்கும் ரோடு போட்டவர்களுக்கும் அதே அச்சில் வெண்கலம். இந்தியா, சீனா, மால்ட்டா எல்லாக் கூலிப்படைகளுக்கும் சேர்த்து சுமார் 1,10,000 தான் கொடுத்தார்கள். வெள்ளியோ 60 லட்சத்துக்கு மேல். பக்கத்து வீட்டு மெடலைவிட உங்களுடையதுதான் அரிது.

ஆக, அவர் சாப்பராக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. லேபர் கோர் (கூலிப்படை), போர்ட்டர் கோர் (சுமை தூக்கும் படை) ஏதோ ஒன்று. வீட்டில் சொல்லச் சங்கடமாக இருக்கும், தெரியும். அல்சூர் பக்கம் யாரைக் கேட்டாலும் தாத்தா சாப்பர்தான், ‘தம்பி’தான் (மதராஸ் சாப்பர்களைப் பட்டாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்). நாங்களும் என் பெரிய தாத்தாவைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் கோவேறு கழுதை ஓட்டியவர் என்று நான் கண்டுபிடித்ததும் சித்தப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது மெடலின் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் பதித்திருக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்க்கிற வீடு என்றால் மழுங்கிப் போயிருக்கலாம். டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். எண்ணாவது நிழலில் எழும்பி வரும். எங்கள் மெடலில் கடைசி மூன்று இலக்கம் அப்படித்தான் கிடைத்தது. தயவுசெய்து இனிமேல் புளி வேண்டாம்.

அப்புறம் அந்த எண்ணை வைத்து, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பெயரில் ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். முனுசாமி என்று ஒருவர் இருந்தால் குமாஸ்தா காதில் விழுந்தபடி முனிசாமி, மூனசாமி, முன்னுஸ்வாமி என்று எழுதியிருப்பார். பல பதிவுகளில் அப்பா பெயர், ஊர், ஜில்லாவும் இருக்கும். ஆனால் அது அந்தக் கால ஜில்லா. கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் எல்லாம் 1965 வரை சேலம் ஜில்லாதான். நான் ‘நம்ம ஊர் சேலம் இல்லையே’ என்று சரியான பதிவையே மூடிவிட்டு நாலு வருஷம் வீணாக்கினேன்.

பஸ்ரா நினைவுச்சின்னத்தின் படத்தில் அவர் பெயரைத் தேட வேண்டாம். 40,000 பேருக்கு மேல் நினைவாக எழுப்பியது அது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கும் அவர்களோடு போன கூலியாட்களுக்கும் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற தலைக்கணக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதிவு கிடைத்துவிட்டால் இறந்த நாள் அதிலேயே இருக்கும். இங்கிலீஷ் தேதிதான். அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் கிடைத்தால் மாதம், பட்சம், திதி பார்த்துவிடலாம். இப்போது போனில் ஆப்பே சொல்லிவிடுகிறது. எங்கள் பெரிய தாத்தாவுக்குக் கார்த்திகை, தேய்பிறை சஷ்டி.

விளிம்பை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.