ரீபோர் செய்த ஆர்.எக்ஸ். 100 கிளம்பவில்லையா? கை பட்ட இடத்தில் தேடுங்கள்

வியாசர்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் வண்டி 1993 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100. புது கனெக்டிங் ராடு, கிராங்க் பேரிங், ஆயில் சீல், சிலிண்டரை ரீபோர் செய்து (உள்ளே கடைந்து அகலமாக்கி) 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, இன்ஜினுக்குக் கறுப்பு பவுடர் கோட்டிங்கும் அடித்தாயிற்று. நாலு நாளாக உதைக்கிறேன், கிளம்பவில்லை. பிளக் நனைந்தே வருகிறது. வெளியே வைத்து உதைத்தால் கரண்ட் தெரிகிறது. சைலன்சரில் ‘டப்’பென்று வெடிக்கிறது. ரெண்டு தடவை கிக்கர் காலைத் திருப்பி அடித்தது. கார்புரேட்டரை மூணு தடவை கழுவியாயிற்று. சி.டி.ஐ. யூனிட்டை மாற்றச் சொல்கிறார்கள்.”

சி.டி.ஐ. (பொறிக்கான கரண்டை அனுப்பும் மின்னணுப் பெட்டி) வாங்க, உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோடுக்கு இப்போதே கிளம்பாதீர்கள். பிரிப்பதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த வண்டி, பூட்டிய பிறகு ஓடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். சி.டி.ஐ.யை யாரும் தொடவில்லை. மேக்னெட்டை (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) கழற்றினார்கள், சீல் மாற்றினார்கள், பெயின்ட் அடித்தார்கள். தேடலும் அந்த இடங்களிலேயே போகட்டும்.

உங்கள் கடிதத்தில் உபயோகமான தகவல் கிக்கர் திருப்பி அடித்தது. பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு வெகு முன்பே பொறி விழுந்தால்தான் அப்படி நடக்கும். கரண்ட் வருகிறது, நேரம் தப்பி வருகிறது. இடது பக்க மூடியைக் கழற்றி, மேக்னெட் நட்டை எடுத்து, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு மேக்னெட்டை இழுங்கள். சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விடும். பிரஸ்ஸில் ஏற்றிய கிராங்க்கும் நேர்கோடு தவறும். மேக்னெட் வந்ததும் கிராங்க் முனையின் கூம்புப் பகுதியில் அரை நிலா வடிவச் சாவி ஒன்று பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அது தட்டையாக, கூம்போடு இணையாக இருக்க வேண்டும். பூட்டும்போது சாவியின் பின்முனை தூக்கிக்கொண்டால் மேக்னெட் அதை உள்ளே தள்ளிவிட்டு வேறு கோணத்தில் போய் உட்கார்ந்துவிடும். நட்டும் இறுகும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பள்ளத்தின் ஓரத்தில் பளபளவென்று சீவல் மாதிரி இரும்பு சுருண்டிருந்தால் சாவி நறுங்கியிருக்கிறது என்று அர்த்தம். புதுச் சாவி சில ரூபாய்தான். கூம்பின் இரு பக்கத்தையும் பெட்ரோலால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் காயவைத்துப் பூட்டுங்கள். எண்ணெய் இருந்தால் பிடி கிடைக்காமல் சாவி மறுபடியும் நறுங்கும். ஸ்டேட்டர் பிளேட்டில் (மேக்னெட்டுக்குப் பின்னால் காயில்கள் பூட்டிய தட்டு) அடையாளக் கோடு இருந்தால் அதுவும் பழைய இடத்துக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: ரீட் வால்வு (உள்ளே போகும் வழியில் மட்டும் திறக்கும் தகடு) வைத்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பொறியின் நேரம் தப்பினால் தலைகீழாகச் சுற்றியும் ஓடும். கியர் போட்டால் வண்டி பின்னால் போகும். நேரத்தைச் சரிபார்க்காமல் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

அடுத்தது பவுடர் கோட்டிங். ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டதால் இன்று வேலைக்கு வரும் வண்டிகளில் பல புதுப் பெயின்ட்டோடுதான் பூட்டப்படுகின்றன. இக்னிஷன் காயிலுக்கு எர்த், அதன் இரும்புச் சட்டம் சேஸிஸைத் தொடும் இடம் வழியாகத்தான் போகிறது. அங்கே பெயின்ட் இருந்தால் பொறி ஒரு சமயம் வரும், ஒரு சமயம் வராது. போல்ட் துளையைச் சுற்றி உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். மல்டிமீட்டரில் காயில் சட்டத்துக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே 1 ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. பிளக்கை வெளியே வைத்துச் சோதிக்கும்போது அதன் உடல் ஹெட்டை நன்றாகத் தொட்டிருக்க வேண்டும், பிளக் துளையிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். எர்த் இல்லாமல் உதைத்தால் நல்ல சி.டி.ஐ.யும் எரிந்துபோகலாம், துளைக்குப் பக்கத்தில் வைத்தால் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளலாம்.

நாலு நாள் உதைத்ததில் கிராங்க் கேஸ் (கிராங்க் சுற்றும் அறை) அடியில் பெட்ரோல் தேங்கியிருக்கும். பூட்டும்போது பேரிங்குக்கு விட்ட எண்ணெயும் அதோடு சேர்ந்திருக்கும். எதைச் சரிசெய்தாலும் இதை வெளியேற்றாமல் வண்டி கிளம்பாது. பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி எர்த்தில் வைத்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து 20 தடவை உதையுங்கள். பிளக் துளையில் பழைய துணியைப் பிடித்தால் அது நனைவது நிற்கும்வரை தொடருங்கள். பிறகு காய்ந்த பிளக்கைப் பூட்டி, சோக் போடாமல் உதையுங்கள்.

இதற்குப் பிறகும் கிளம்பாவிட்டால் கம்ப்ரஷன். கேஜ் போட்டு, த்ராட்டிலை முழுதாகத் திறந்து உதைத்தால் இந்த அளவு இன்ஜினில் 120 பி.எஸ்.ஐ. வாக்கில் வர வேண்டும். புது ரிங் இன்னும் பழகாததால் 100 காட்டினாலும் பயப்பட வேண்டாம். 80-க்குக் கீழே என்றால் ஒரு ஸ்பூன் டூ-டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெய்) பிளக் துளையில் விட்டு மறுபடி உதையுங்கள். சட்டென்று ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் சின்ன ஊசி ஒன்று இருக்கிறது. ரிங்கின் வாய் அந்த ஊசியைக் கவ்வியிருக்க வேண்டும். தவறி உட்கார்ந்தால் சிலிண்டரை இறக்கும்போதே ரிங் உடைந்திருக்கலாம். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றும் சரி, வண்டி மட்டும் கிளம்பவில்லை என்று பலர் முட்டி நிற்கும் இடம் இதற்கு அடுத்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே கை பழகியவர்கள் இதைப் பார்ப்பதில்லை. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்புதான். பிஸ்டன் மேலே போகும்போது காற்றும் பெட்ரோலும் அதற்குள் இழுக்கப்படும், கீழே வரும்போது சிலிண்டருக்குள் தள்ளப்படும். எங்காவது காற்று கசிந்தால் இழுவையே இருக்காது. 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட 98 சி.சி. இன்ஜினுக்குக் கிக்கர் வேகத்தில் சின்னக் கசிவே போதும். கிளம்பினாலும் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சோதிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கும் முள் வைத்த பி.பி. கருவியின் பம்பும் கேஜும் போதும். அதன் 300 அளவு ஏறக்குறைய 5.8 பி.எஸ்.ஐ. சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயைச் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து இறுக்கி மூடுங்கள். கார்புரேட்டர் உட்காரும் வாயையும் டூ-டி ஆயில் குழாய் வரும் வழியையும் அடைத்துவிடுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக 300 வரை பம்ப் செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் 250-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள்: சிலிண்டர் அடி கேஸ்கெட், இரண்டு கேஸ் சேரும் கோடு, ஸ்டேட்டருக்குப் பின்னாலுள்ள இடது சீல். கிளட்ச் பக்கத்து வலது சீல் கண்ணுக்குத் தெரியாது. கியர் ஆயில் ஊற்றும் துளை மேல் சோப்பு நுரையைத் தடவினால் அங்கே குமிழ் எழும். டயர் கடைக் கம்ப்ரஸரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், நல்ல சீலே பிதுங்கி வெளியே வந்துவிடும்.

இதே சமயத்தில் ரீட் வால்வையும் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தகடு முழுதாக மூடியிருக்க வேண்டும், ஓரம் சிதைந்திருக்கக் கூடாது. கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் புகை மாதிரி திரும்பித் துப்பினால் இதுதான் காரணம்.

பெட்ரோலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. வண்டி பிரிந்து கிடந்த வாரங்களில் ஐப்பசி மழை பெய்து டேங்க்கில் ஈரம் இறங்கியிருந்தால் எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் டேங்க்கை முழுதாகக் காலி செய்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

கிளம்புவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று. இன்ஜினைப் பிரித்தபோது ஆயில் பம்புக் குழாயில் காற்று புகுந்திருக்கும். பம்பிலுள்ள காற்று நீக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் எண்ணெய் வழியும்வரை விட்டு மூடுங்கள். அதற்கு மேல் முதல் டேங்க்குக்கு மட்டும் லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுங்கள். பம்பையே எடுத்துவிட்ட வண்டி என்றால் லிட்டருக்கு 40 மி.லி.

கிளம்பியதும் வெள்ளைப் புகை நிறைய வரும். அது தேங்கிய எண்ணெய், 10 நிமிடத்தில் குறைய வேண்டும். 100 கி.மீ. ஓடிய பிறகும் புகை குறையாமல், கியர் ஆயில் அளவும் இறங்கியிருந்தால் வலது சீல் கசிகிறது. அதை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.